டயர் வாங்கும் முன் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "பாட்டு கேட்டாச்சு, படம் பார்த்தாச்சு, லெட்டர் டைப் செய்தாச்சு. இனி இதில் என்ன செய்வது?" பெருமாள்மலையில் இருக்கும் என் மாமாவும் இதையேதான் கேட்டார். அடுத்த வாரமே அவருக்குப் பதில் கிடைத்தது, அதுவும் டயர் வடிவத்தில்.

மாமா ஒரு பொலேரோ கேம்பர் வைத்திருக்கிறார். முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப் வண்டி அது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சௌசௌ, பீன்ஸ், சீசனில் பட்டர் ஃப்ரூட் என்று ஏற்றிக்கொண்டு பழனி ரோட்டில் இறங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவார். சென்ற முறை நான் கோவையிலிருந்து லீவில் போயிருந்தபோது, மலை இறங்கும் வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் பின் இடது டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தது. உள்ளே நூல் அறுந்தால்தான் இப்படி வீங்கும். அடுத்த ஹேர்பின் வளைவில் வெடித்திருக்கலாம். வண்டியில் எங்களோடு சுமை இறக்கும் ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஸ்டெப்னியை மாற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினோம்.

டயர் கடையில் "இதே சைஸ் போடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். மாமாவும் தலையாட்டினார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அதே சைஸ் டயர்தானே வீங்கியது?

கேம்பர் என்றால் என்ன?

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரை ஆன் செய்து, கேம்பர், பிக்கப், டயர் என்ற மூன்று வார்த்தைகளையும் ஆங்கிலத்தில் தேடினேன். வந்த படங்களைப் பார்த்து மாமா சிரித்துவிட்டார். எல்லாம் அமெரிக்க வண்டிகள்! அங்கே கேம்பர் என்றால் பிக்கப்பின் தொட்டியில் தூக்கி வைக்கும் குட்டி வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் இருக்கும். நம் ஊரில் அது ஒரு வண்டியின் பெயர். சர்ச் என்ஜினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இப்படி நேரும்போது தேடும் வார்த்தைகளோடு இந்தியா என்றும், வண்டி கம்பெனியின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஆனால் அந்தத் தவறான பக்கங்களை உடனே மூடாமல் படித்தது நல்லதாகப் போயிற்று. வீட்டைச் சுமக்கும் அமெரிக்கக்காரர்களின் கவலையும் மாமாவின் கவலையும் ஒன்றுதான்: சுமை அதிகம், உயரமாக நிற்கிறது, பெரும்பகுதி பின் சக்கரங்கள் மேல் விழுகிறது. அவர்கள் சைஸை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு டயர் எத்தனை கிலோ தாங்கும் என்று முதலில் பார்க்கிறார்கள்.

டயர் மேல் என்ன எழுதியிருக்கிறது?

டயரில் உள்ள எழுத்துகள் கறுப்பில் கறுப்பாக இருப்பதால் படிக்கவே முடியாது. சாக்பீஸை எழுத்துகளின் மேல் தேய்த்து, செல்போனில் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கு டயர், ஸ்டெப்னி என ஐந்து போட்டோ. ஒரு போல்டரில் போட்டு 'பின் இடது', 'முன் வலது' என்று பெயர் கொடுத்துவிட்டால் குழப்பம் வராது.

எங்கள் டயரில் இருந்தது: பி235/75 ஆர்15 105எஸ். இதில் 235 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் எத்தனை சதவீதம் என்பது. 15 என்பது அங்குலத்தில் ரிம் அளவு. கடைக்காரர் 'சைஸ்' என்று சொல்வது இவ்வளவுதான். கடைசி எழுத்து எஸ், மணிக்கு 180 கிலோமீட்டர் வரை என்று பொருள். மலை ரோட்டில் அதைப் பற்றி நமக்குக் கவலையே வேண்டாம்.

நமக்கு வேண்டியது 105 என்ற எண். இது கிலோ அல்ல, லோடு இண்டெக்ஸ் என்ற குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 105 என்றால் 925, 108 என்றால் 1000, 110 என்றால் 1060, 112 என்றால் 1120 கிலோ.

ஆரம்பத்தில் உள்ள 'பி'யும் முக்கியம். அது பயணிகள் கார் வகை டயர் என்பதைக் காட்டுகிறது. இந்த வகையை பிக்கப் போன்ற வண்டியில் போட்டால், தாங்கும் எடையை 1.10 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. அப்படிப் பார்த்தால் 925 கிலோ, 841 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. சுமை வண்டிக்கென்றே செய்த 'எல்.டி.' வகைக்கு இந்தக் கழிவு கிடையாது.

இனி கணக்கு

அடுத்த நடையில் வழக்கமான சுமையோடும் ஆட்களோடும் எடை மேடைக்குப் போனோம். முதலில் முழு வண்டி, பிறகு பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு சீட்டு. மொத்தம் 2,880 கிலோ, பின்னால் 1,840 கிலோ.

எக்ஸெல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், அது இலவசம். புதிய ஷீட்டைத் திறந்து, பி1 செல்லில் மொத்த எடை, பி2 செல்லில் பின் எடையை டைப் செய்யுங்கள். பி3 செல்லில் =பி1-பி2 என்று அடித்து என்டர் தட்டினால் முன் எடை வரும். பி4 செல்லில் =பி2/2 என்றால் ஒரு பின் டயரின் சுமை. பி5 செல்லில் =925/1.1 என்று போடுங்கள். (செல்லின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும். சமக்குறியை மறந்தால் கணக்கு வராது, நீங்கள் அடித்ததே அப்படியே நிற்கும்!)

பி4 செல்லில் 920 வந்தது. பி5 செல்லில் 841. மாமா கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இத்தனை நாளும் அம்பது கிலோ மூட்டை ஒண்ணரை கூடுதலா, ஒவ்வொரு டயர் மேலயும் ஏத்தியிருக்கேனா மாப்ளே?"

"ஆமா மாமா."

இன்னொன்றும் வெளியே வந்தது. எம்.பரிவாகன் ஆப்பில் ஆர்.சி.யைப் பார்த்தால், அனுமதித்த மொத்த எடையைவிட நாங்கள் சுமார் 90 கிலோ கூடுதல். டயரை மாற்றினால் இது சரியாகாது. எவ்வளவு தடிமனான டயர் போட்டாலும் ஆர்.சி.யில் உள்ள வரம்பு உயராது. பிரேக்கும் அச்சும் பழையவைதானே. இந்த விஷயத்தில் மாமாவோடு கொஞ்சம் சண்டையே போட வேண்டியிருந்தது. கடைசியில் இரண்டு மூட்டை இறங்கியது.

எதை வாங்கினோம்?

அதே சைஸில் எல்.டி. வகை, லோடு இண்டெக்ஸ் 108க்குக் குறையாமல் வேண்டும் என்று கேட்டோம். 110 கிடைத்தது. எல்.டி. டயரில் பெரும்பாலும் இரண்டு எண்கள் சாய்கோடு போட்டு இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது இரட்டைச் சக்கரத்துக்கு. நமக்கு முதல் எண்தான்.

வாங்கும்போது தேதியையும் பாருங்கள். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது நாலு வருடப் பழசு. பளபளவென்றுதான் இருந்தது, வேண்டாம் என்றோம்.

2009ஆம் வருட அரசு ஆணைக்குப் பிறகு டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதனோடு 15633 என்ற எண் இருந்தால் கார் டயர், 15636 என்றால் வணிக வாகன டயர். பக்கத்திலுள்ள லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அடித்தால் கம்பெனி பெயர் வரும்.

நான்கும் ஒரே வகையாக இருப்பதுதான் நல்லது. பணம் இடம் கொடுக்கவில்லை. ஷீட்டில் ஒரு முன் டயருக்கு 520 கிலோதான் வந்ததால் முன்னால் பழையதே இருக்கட்டும், அடுத்த சீசனில் மாற்றலாம் என்று முடிவு செய்தோம். பின்னால் இரண்டு, ஸ்டெப்னிக்கு ஒன்று என மூன்று வாங்கினோம். ஸ்டெப்னியை விட்டுவிடாதீர்கள், பஞ்சர் என்றால் அதுதான் பின்னால் ஓடப்போகிறது.

காற்று விஷயம்

110 என்று எழுதியிருப்பதாலேயே டயர் 1060 கிலோ தாங்கிவிடாது. அதற்கேற்ற காற்றும் வேண்டும். கார் டயருக்கு அடிக்கும் 30, 35 பி.எஸ்.ஐ. போதாது. எந்தச் சுமைக்கு எவ்வளவு என்று வண்டி, டயர் கம்பெனிகளின் அட்டவணையில் பார்த்து, ஓட்டுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது அடிக்க வேண்டும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் மடங்கிச் சூடாகும். மலை இறக்கத்தில் பிரேக்கின் சூடும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

"மலை ஏறினா காற்று தானா கூடும், குறைச்சு அடி" என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதையும் ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். பழனியில் 35 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. அடித்து, சுமார் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் 15 டிகிரி குளிரில் அளந்தால், உயரத்தால் 2.7 கூடுகிறது, குளிரால் 4.2 குறைகிறது. மீதி 48.5. குறைத்து அடிக்க எந்தக் காரணமும் இல்லை.

புது டயரோடு முதல் நடை போனபோது மாமா சொல்லாமலே எடை மேடைக்கு வண்டியைத் திருப்பினார். பின்னால் 1,760 கிலோ. வீட்டுக்கு வந்து அவரே பி2 செல்லைக் கிளிக் செய்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாக அடித்தார். பி4 செல்லில் 880 என்று மாறியது. "சேவ் பண்றது எங்கே இருக்கு மாப்ளே?" என்றார்.