முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வலியைக் கையாளும் பயிற்சி: ஏன், எப்படி?

புதுதில்லி: முதுகெலும்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்த பின்னரும் சிலருக்கு வலி நீடிக்கிறது. இத்தகையோருக்கு மாத்திரைகளுடன், வலியைக் கையாளும் பயிற்சியும் உதவும் என மருத்துவ ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

வலி நீடிப்பது ஏன்?

நீண்டகாலம் அழுத்தப்பட்டிருந்த நரம்பு, அழுத்தம் நீங்கிய உடனேயே சீரடைவதில்லை. "அசைந்தால் பொருத்திய திருகு நழுவிவிடுமோ" என்ற அச்சத்தில் படுக்கையிலேயே இருப்பவர்களின் தசைகள் வலுவிழக்கின்றன. அதனால் வலியும், வலியுடன் அச்சமும் மேலும் கூடுகின்றன.

பயிற்சியில் என்ன கற்பிக்கப்படுகிறது?

வலி ஏற்படும் விதம் முதலில் விளக்கப்படுகிறது. தண்டை முறுக்காமல் ஒருக்களித்துப் புரண்டு, கைகளை ஊன்றி எழுவது, நடைப்பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது, வேலைகளுக்கிடையே ஓய்வெடுப்பது, ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி, அச்சமூட்டும் எண்ணங்களை அடையாளம் காண்பது ஆகியவை தொடர்ந்து இடம்பெறுகின்றன.

பலன் உண்டா?

நரம்பு அழுத்தத்துக்காக இடுப்பு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 67 பேரிடம் நடத்தப்பட்ட அமெரிக்க ஆய்வு 2014-ஆம் ஆண்டு வெளியானது. அறுவைக்கு முன்பே வலி குறித்த விளக்கம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே, ஓராண்டுக்குப் பின் வலியின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும், விளக்கம் பெற்றவர்களின் மருத்துவச் செலவு 45 சதவீதம் குறைவாக இருந்தது. பயிற்சி வலியை அகற்றிவிடாது. வலியைக் கண்டு அஞ்சி மருத்துவமனைகளை நாடி அலைவதைக் குறைக்கக்கூடும் என்பதையே இது உணர்த்துகிறது.

மாத்திரைகளில் எச்சரிக்கை

வலி நிவாரணியாகப் பரிந்துரைக்கப்படும் டிரமடால் மருந்தை, பழக்கத்துக்கு அடிமையாகும் அபாயம் கருதி, மத்திய அரசு 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அதனை மருத்துவர் குறிப்பிட்ட அளவையும் காலத்தையும் கடந்து உட்கொள்ளக் கூடாது. நீண்டநாள் உட்கொண்டிருந்தால் தாமாகத் திடீரென நிறுத்தவும் கூடாது.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டியது எப்போது?

சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல் அல்லது சிறுநீர் கழிக்க இயலாமை, தொடைகளின் இடைப்பகுதியில் மரத்துப்போதல், கால்களில் புதிதாகப் பலவீனம், காய்ச்சல், தையலிட்ட இடத்தில் சீழ், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றைப் பயிற்சியால் சமாளிக்க முயலக் கூடாது. இவற்றுள் எது தோன்றினாலும் தாமதமின்றிச் சிகிச்சை பெறுவது அவசியம்.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், இயன்முறை மருத்துவர் ஆகியோரின் ஆலோசனையுடன் மட்டுமே பயிற்சிகளைத் தொடங்க வேண்டும்.