கழன்று வராத சக்கரம்

மழைக்காலத்தில் மும்பை-கோவா நெடுஞ்சாலையில் சென்றவர்கள் அதன் பள்ளங்களை எளிதில் மறக்கமாட்டார்கள். சிப்லூணைக் கடந்த சிறிது நேரத்தில் எங்கள் காரின் முன்சக்கரம் ஒன்று பஞ்சரானது. ஸ்டெப்னியை எடுத்து வைத்து, ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, நட்டுகள் அனைத்தையும் கழற்றினோம். சக்கரம் மட்டும் அசையவில்லை. இரு கைகளாலும் இழுத்தும் பயனில்லை; ஹப்போடு சேர்த்து வார்த்தது போல் நின்றது.

அடுத்து என்ன செய்வோம்? டயரை உதைப்போம். நாங்களும் காலை ஓங்கினோம். எதிரே நின்றிருந்த நாமக்கல் லாரியின் ஓட்டுநர் ஓடிவந்து தடுத்தார். "ஜாக்கியில நிக்கிற வண்டிய உதைக்காதீங்க சார். நட்டையெல்லாம் திரும்ப மாட்டுங்க" என்றார். காருடன் வரும் ஜாக்கி, நேர் மேலாகப் பாரம் தாங்குவதற்கு மட்டுமே உரியது. ஈரமண்ணில் சிறு அடித்தட்டின் மீது நிற்கும் அது பக்கவாட்டு அதிர்ச்சியில் சாய்ந்தால், ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள வண்டி நம் கால்மீது இறங்கும்.

சக்கரம் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் துருவே. சக்கரத்தின் நடுத்துளைக்கும் அதனுள் நுழையும் ஹப்பின் மேட்டுக்கும் இடையே இருப்பது மயிரிழை இடைவெளி. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த இடைவெளி இறுகிவிடுகிறது. அலாய் சக்கரமாயின் தொல்லை இன்னும் கூடும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடி படியும். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று இதனை விரைவுபடுத்தும்.

ஓட்டுநர் சொன்ன முறை எளியது. நட்டுகள் அனைத்தையும் மாட்டி முழுதும் இறுக்கியபின், ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். பின்னர் ஜாக்கியை இறக்கி அகற்றிவிட வேண்டும். ஆட்களை விலக்கி நிறுத்திவிட்டு, வண்டியை இரண்டு மூன்று அடி மட்டும் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தி பிரேக் போட வேண்டும். ஸ்டீயரிங்கையும் இருபுறம் திருப்பலாம். வண்டியின் எடையே சக்கரத்தைப் பெயர்த்துவிடும்; தளர்ந்த நட்டுகள் அது கழன்று ஓடாமல் காக்கும். எங்களுக்கு மூன்றாம் முறை 'டப்' என்றொரு ஓசை கேட்டது. கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் ஓட்டினால் போல்ட்டின் மரைகள் கெடும்.

இதற்கும் மசியாத சக்கரத்தை மெக்கானிக்கிடம் விடுவதே நன்று. அவர் வண்டியைத் தாங்கிகளில் உறுதியாக நிறுத்தி, நடுத்துளையைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயை ஊறவிட்டு, டயரின் உட்புறத்தில் ரப்பர் சுத்தியலால் சுற்றிச்சுற்றித் தட்டுவார். எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் பட்டுவிடக் கூடாது. இரும்புச் சுத்தியலால் அலாயை அடித்து விரிசல் விட்டால் புதிய சக்கரம்தான் வாங்க வேண்டும். வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்பதில்லை என்பதால், துருவினால் வரும் செலவு பெரும்பாலும் நம் கையைத்தான் கடிக்கும். சாலையோர உதவி என்பது தனியே சேர்க்கப்படும் பிரிவு. உங்கள் பாலிசியில் அது உள்ளதா என்று பயணத்திற்கு முன் பார்த்துவையுங்கள்.

சக்கரம் கழன்றதும் ஹப்பைக் கம்பிப் பிரஷால் தேய்த்துத் துடைத்து, நடு மேட்டில் மட்டும் மிக மெல்லிதாக கிரீஸ் தடவலாம். போல்ட்டிலும் நட்டு அமரும் இடத்திலும் தடவலாகாது; அங்கே வழுக்கினால் நட்டு அளவுக்கு மீறி இறுகும், போல்ட் நீண்டு பழுதாகும். டயர்களை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தத் துப்புரவைச் செய்யச் சொல்லுங்கள். பல பட்டறைகளில் கேட்டால்தான் செய்கிறார்கள்.

மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை ஐம்பது முதல் நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ரத்னகிரிக்குத் திரும்பும் ஹாத்கம்பா சந்திப்பில் நிறுத்தி ஸ்பேனரை வைத்துப் பார்த்தோம். ஒரு நட்டு கால் சுற்று திரும்பியது.