எத்தனையாம் நாள் காய்ச்சல்?

வடகீழ்ப் பருவமழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்குக் காலமும் வந்துவிடுகிறது. கார்த்திகையில் பெய்த மழை வெற்றுச் சிரட்டையிலும் பழைய டயரிலும் கூரைப் பீலியிலும் தேங்க, அதில் பெருகும் ஈடிஸ் நுளம்புகளால் மார்கழியிலும் தையிலும் காய்ச்சற்காரர் தொகை ஏறும்.

காய்ச்சலோடு போனால் வைத்தியர் முதலில் கேட்பது, "காய்ச்சல் எப்ப துவங்கினது?" என்றுதான். டெங்குவைக் கண்டறிவதில் நாட்கணக்கு அவ்வளவு முக்கியம். எந்தப் பரிசோதனை பயன்தரும், அதன் முடிவை எப்படி வாசிப்பது என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் தங்கியிருக்கின்றன.

முதல் நான்கைந்து நாட்களில் வைரசு குருதியில் சுற்றித் திரியும். அப்போது அது வெளிவிடும் என்.எஸ்.1 என்ற புரதத்தை ஒரு சிறு பட்டையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஐந்தாம் நாளையொட்டி உடல் தன் பிறபொருளெதிரிகளை உருவாக்கிவிடும். அதன்பின் ஐ.ஜி.எம் பரிசோதனைதான் கைகொடுக்கும். ஆனால் ஐ.ஜி.எம் மாதக்கணக்கில் குருதியில் தங்கக்கூடியது. ஆகவே இன்று 'பொசிற்றிவ்' என்று வருவது சில வாரங்களுக்கு முன் வந்துபோன தொற்றின் தடயமாகவும் இருக்கலாம்.

டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து மாறியவருக்கு இன்னொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் அபாயம் கூடுகிறது. அப்படியானவரின் குருதியில் என்.எஸ்.1 விரைவாக மறைந்துவிடவும் கூடும். கூடுதல் கவனம் தேவைப்படும் நோயாளிக்கே பரிசோதனை 'நெகற்றிவ்' என்று வரலாம். அந்த ஒரு துண்டை நம்பி, "டெங்கு இல்லை" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

அதனால்தான் மூன்றாம் நாளிலேயே முழுக் குருதிப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நாட்பட்ட நோயுள்ளோர் அதற்கும் முன்னரே வைத்தியரிடம் போகவேண்டும். டெங்குவில் வெண்குழியங்கள் முதலில் குறையும். குருதிச் சிறுதட்டுகளும் இறங்கத் தொடங்கும். அவை ஒரு இலட்சத்துக்குக் கீழே போனால் ஆபத்தான கட்டம் நெருங்குகிறது என்று பொருள்.

சிறுதட்டு எண்ணிக்கையைப் பற்றியே நாம் அதிகம் கவலைப்படுகிறோம். ஆனால் உயிராபத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் பிளாஸ்மாக் கசிவுதான். பிளாஸ்மா என்பது குருதியின் நீர்ப்பகுதி. அது நாளங்களை விட்டு வெளியே கசியும்போது, வற்றிய குழம்பில் காய்த்துண்டுகள் நெருங்குவதுபோலச் செங்குழியங்கள் செறிகின்றன. அந்தச் செறிவைக் காட்டும் அளவு வழமையைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு தெளிவு. நுரையீரலைச் சுற்றியும் வயிற்றிலும் சேரும் நீரை ஸ்கான் காட்டிவிடும்.

கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில்தான் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். வீட்டார் நிம்மதியடையும் அந்த நேரத்திலேயே கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் குருதி, சோர்வு, சிறுநீர் குறைதல் என ஏதேனும் தெரிந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

மழைக்காலக் காய்ச்சலெல்லாம் டெங்குவும் அல்ல. 2024 மார்கழியில் யாழ். மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. உண்ணிக்காய்ச்சலும் இங்கு உண்டு. இவை இரண்டும் நுண்ணுயிர்க்கொல்லியால் குணமாகக்கூடியவை. ஆகவே வயலில் இறங்கினீர்களா, வெள்ளத்தில் நடந்தீர்களா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல் தொடங்கிய திகதியைக் குறித்து வையுங்கள். பரசிற்றமோலை உரிய அளவில் மட்டும் எடுங்கள். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினாக் போன்ற வலிமாத்திரைகள் குருதிக்கசிவைக் கூட்டும், தொடவேண்டாம். பரிசோதனைத் துண்டுகளை ஒன்றுவிடாமல் கொண்டுபோங்கள். ஒரு நாளின் எண்ணைவிட, நாளுக்கு நாள் அது ஏறுவதும் இறங்குவதும்தான் வைத்தியருக்கு அதிகம் சொல்லும்.

2017இல் இலங்கையில் 186,000 பேருக்கும் மேல் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400க்கும் அதிகமானோர் இறந்தனர். டெங்கு என்ற சந்தேகம் எழுந்தாலே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும் என்பது விதி. அந்தத் தகவல் கிடைத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் வளவுக்கு வந்தால் படலையைத் திறந்துவிடுங்கள். உங்கள் நோயை நேரத்தோடு கண்டறிவது அயல்வீட்டுப் பிள்ளையையும் காக்கும்.