இருட்டுக்குள் 3,000 விண்மீன் மண்டலங்கள்

1995 டிசம்பர். ஹப்பிள் தொலைநோக்கியை இயக்கும் ஆய்வு மையத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், தம் பொறுப்பில் இருந்த நேரத்தைத் துணிந்து ஒரு சோதனைக்குக் கொடுத்தார். சப்தரிஷி மண்டலப் பக்கம், ஏறக்குறைய ஒன்றுமே தெரியாத ஒரு துண்டு வானத்தைப் பத்து நாள் விடாமல் படம்பிடிக்க வேண்டும். நேரம் வீணாகும் என்று மூத்த வானியலாளர்களே எச்சரித்தார்கள்.

கிடைத்ததோ சுமார் 3,000 விண்மீன் மண்டலங்கள்!

அவற்றில் பல, நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியில் தெரிந்தவை. அதாவது, அவற்றின் இளமைக் கோலம். இன்றைய அழகான சுருள் வடிவங்கள் அங்கே குறைவு. சிறியதும் ஒழுங்கற்றதுமாகப் பல இருந்தன. சிறு மண்டலங்கள் மோதி இணைந்தே பெரியவை வளர்ந்தன என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. படங்களை உடனே உலகத்துக்கே திறந்துவிட்டார் வில்லியம்ஸ். அந்தப் பெருந்தன்மையும் பாராட்டுக்குரியது.

அடுத்து வந்த ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இன்னும் பின்னோக்கிப் போயிருக்கிறது. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 30 கோடி ஆண்டுகளிலேயே பிரகாசித்த ஒரு மண்டலத்தை அது காட்டியது 2024இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே, சிலியின் அல்மா தொலைநோக்கி அங்கே ஆக்சிஜனைக் கண்டது. ஆக்சிஜன் விண்மீன்களுக்குள்தான் உருவாகிறது. எனவே, அதற்குள்ளாகவே அங்கே சில விண்மீன்கள் பிறந்து, வாழ்ந்து, மடிந்திருக்கின்றன.