ஒரே கதிரில் பல வண்ணம்

மடலை உரிக்கும்வரை உள்ளே என்ன நிறம் என்று தெரியாது. நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை, பொன்மஞ்சள் என்று கண்ணாடிப் பாசிபோல் மின்னும் மணிகள், கதிருக்குக் கதிர் வேறு விதமாக வெளிப்படும். ‘கிளாஸ் ஜெம்’ என்ற இந்த மக்காச்சோளத்தின் படம் 2012இல் இணையத்தில் பரவியபோது உலகமே அதன் விதையைத் தேடியது.

அதை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வாழ்ந்த விவசாயி கார்ல் பார்ன்ஸ். செரோக்கி வம்சாவளியில் வந்தவர். 19ஆம் நூற்றாண்டில் செரோக்கி, பானி, ஓசேஜ் முதலான பூர்வகுடியினர் சொந்த நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டு அங்கே குடியேற்றப்பட்டார்கள். அந்த அலைக்கழிப்பில் அவர்களின் சோள ரகங்கள் பலவும் தொலைந்தன. பார்ன்ஸ் கைக்குக் கிடைத்த பழைய ரகங்களை விதைத்தார்; மூதாதை ரகத்தின் சாயல் தெரிந்த மணிகளைப் பொறுக்கித் தனியே வளர்த்தார்; மீட்ட விதையை அந்தந்தக் குடிப் பெரியவர்களிடம் சேர்த்தார். அந்த உழைப்பின் ஊடே பானி, ஓசேஜ் ரகங்கள் கலந்து பிறந்ததுதான் கிளாஸ் ஜெம். 2016இல் அவர் மறைந்தார். அரிசோனாவில் 1983 முதல் பூர்வகுடிகளின் விதைகளைக் காத்துவரும் ‘நேட்டிவ் சீட்ஸ் சர்ச்’ அமைப்பு இந்த விதையை வழங்குகிறது.

ஒரே கதிரில் இத்தனை நிறம் எப்படி? கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணியோடு இணைந்திருக்கிறது. எந்தச் செடியின் மகரந்தம் அந்த இழையில் விழுகிறதோ, அதுவே அந்த மணிக்குத் தகப்பன். தாய் ஒன்று, தகப்பன் பல. அதனால் பக்கத்துப் பக்கத்து மணிகள்கூட நிறம் மாறுகின்றன.

வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பவர் நினைவில் வைக்க வேண்டியதும் இதைத்தான். மகரந்தத்தைச் சுமப்பது காற்று. நீளமாக ஒரே வரிசை போட்டால் பாதி மகரந்தம் வீணாகி, கதிர் பொக்கையாகிவிடும். நான்கு குட்டை வரிசைகளைச் சதுரப் பாத்தியாக அமைத்தால் மணி நிறையப் பிடிக்கும். பனிக்காலம் முடிந்து மண் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு, 2.5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கலாம். தழைச்சத்தை நிறைய இழுக்கும் பயிர் என்பதால் தொழுவுரம் தாராளமாக வேண்டும். பூக்கும் சமயத்தில் தண்ணீருக்குக் குறை வைக்கவே கூடாது. அருகில் இனிப்புச் சோளம் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்காதபடி மூன்று வாரம் தள்ளி விதைப்பது நல்லது.

அறுவடைக்கு அவசரம் ஆகாது. மடல் காகிதம்போல் வெளுத்து, மணி கல்லாக இறுகும்வரை கதிர் தட்டையிலேயே காயட்டும். இது அவித்துக் கடிக்கும் சோளமல்ல; பொரிக்கவும் மாவரைக்கவும் ஏற்றது. எந்த நிற மணியைப் பொரித்தாலும் பொரி வெள்ளைதான்.

விதைக்கு எடுக்கும்போது, அழகான ஒரே கதிரில் மட்டும் எடுத்தால் சில தலைமுறைகளில் செடி வலுவிழந்து விளைச்சல் சரியும். ஆரோக்கியமான செடிகள் பலவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்க வேண்டும். சிறிய தோட்டத்தில் அத்தனை செடிக்கு இடமிருக்காது. அதனால் அதே ரகத்தை வளர்க்கும் நாலைந்து வீட்டார் ஆண்டுதோறும் விதையை மாற்றிக்கொண்டால் வண்ணமும் வீரியமும் குறையாமல் நிற்கும்.