வறுமையை வென்ற வளைகோல்

துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் இராயபுரம், திருவொற்றியூர் உழைப்பாளர்தம் பெண்மக்கள் நினைவிற் கொள்ளத்தக்கது, ஹாக்கி வீராங்கனை இராணி ராம்பாலின் வரலாறு. 1994இல் அரியானாவின் ஷாகாபாத்தில் வண்டித் தொழிலாளியின் மகளாய்ப் பிறந்தார். பயிற்சிக்கு வருவோர் அரை லிட்டர் பால் கொண்டுவருதல் வேண்டும் என்பது விதி. 200 மில்லிலிட்டரே வாங்க இயன்ற வீட்டுப் பிள்ளை, நீர் கலந்து கொண்டு சென்றார். பயிற்சியாளர் பல்தேவ் சிங் அவரை உருவாக்கினார். 2010இல், 15 வயதிலேயே, உலகக் கோப்பையில் ஆடினார். 2019இல் புவனேசுவரத்தில் அமெரிக்காவுக்கு எதிராக அவர் அடித்த கோல், இந்திய மகளிர்க்கு டோக்கியோ ஒலிம்பிக்கின் வாயிலைத் திறந்தது. 2021இல் அங்கு அவர் தலைமையில் அணி நான்காமிடம் பெற்றது. 2024இல் ஓய்வு பெற்றார். திறமை ஏழை இல்லத்திலும் பிறக்கும். அது வளர ஆடுகளமும் ஆசானும் வேண்டும். நம் வட்டாரப் பெண்களுக்கு அவ்விரண்டையும் அளித்தல் நம் கடனன்றோ!