169.254 என்று தொடங்கினால்

கரண்ட் போய் வந்திருக்கிறது. ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை. கைப்பேசியில் வாட்ஸ்அப் ஓடுகிறது, கணினியில் மட்டும் நெட் இல்லை. பாதி எழுதிய கடிதம், திறந்து கிடக்கும் இருபது பக்கங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்கிறோம். சரியாகிவிடுகிறது. மூக்கில் உட்கார்ந்த ஈயை உலக்கையால் அடித்த கதைதான்.

வீட்டுக் கணினி குடியிருப்பது வாடகை முகவரியில். வீட்டுக்காரர், ரவுட்டர். 1993-ல் வகுக்கப்பட்ட டிஎச்சிபி என்ற நெறிமுறைப்படி அவர்களுக்குள் நான்கே பேச்சு. 'முகவரி தருவார் உண்டா?' என்று கணினி கூவும். 'இது காலியாக இருக்கிறது' என்று பதில் வரும். 'அதையே எடுத்துக்கொள்கிறேன்.' 'சரி, உனக்குத்தான்.' வாடகைக்குக் கெடு உண்டு. பாதிக் கெடு கழிந்ததும் கணினி தானே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும்.

கரண்ட் வந்ததும் ரவுட்டர் முழுதாக விழித்தெழ ஓரிரு நிமிடம் ஆகும். இன்வெர்ட்டரில் தூங்காமலிருந்த கணினி அதற்குள் கூவிப் பார்த்து, பதில் வராமல், 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே சூட்டிக்கொள்ளும். அது வீட்டு வாசலைத் தாண்டாத முகவரி. நெட்வொர்க் விவரத்தில் அந்த எண்ணைக் கண்டால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது.

மறுபடி கேட்க வைத்தால் போதும். விண்டோஸில் கட்டளைச் சன்னலைத் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', பிறகு 'ஐபிகான்ஃபிக் /ரெனியூ'. மேக் கணினியில் இதற்கென்றே பொத்தான் இருக்கிறது. தட்டச்சு அலுப்பென்றால் வைஃபையை அணைத்துப் போடுங்கள், அல்லது கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். அப்போதும் கணினி புதிதாகக் கேட்கும். ரீஸ்டார்ட்டில் பலித்ததும் பெரும்பாலும் இதுவேதான்.

முகவரி ஒழுங்காக இருந்தும் தளங்கள் திறக்கவில்லையா? 'பிங் 8.8.8.8' கொடுத்துப் பாருங்கள். (1983-ல் மைக் மூஸ் எழுதிய நிரல் இது. நீர்மூழ்கிகளின் சோனார் ஒலியைக் கேட்டு வைத்த பெயர்.) பதில் வந்தால் பாதை நன்றாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் இடத்தில்தான் சிக்கல். 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' பழைய குறிப்புகளைத் துடைத்துவிடும். அதிலும் சரியாகாவிட்டால் வேறு டிஎன்எஸ் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஊரிலிருக்கும் அப்பாவின் கணினியை இங்கிருந்தபடி இயக்கிக்கொண்டிருக்கும்போது 'ரிலீஸ்' கொடுத்துவிடாதீர்கள். அது உட்கார்ந்த கிளையை வெட்டுவது. அப்புறம் அப்பாவுக்குப் போன் போட்டு, எந்த வயரைப் பிடுங்க வேண்டும் என்று நிறம் நிறமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.